சந்திக்காமலே குடும்பம் நடத்துவது எப்படி?

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமில்லை. எல்லா அறிவுரையும் 'குடும்பத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்' என்றே ஆரம்பிக்கும். இல்லாத நேரத்தை எங்கிருந்து எடுத்து ஒதுக்குவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. இந்தக் கையேட்டுக்கு அப்படிப்பட்ட பேராசை கிடையாது. இரண்டு முழுநேர வேலை, ஒரு குழந்தை, ஒரு வீட்டுக்கடன் ஆகியவற்றோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆனால் ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாக நீடிப்பது எப்படி என்று மட்டும் படிப்படியாகச் சொல்லித்தருகிறது.

மாதிரிக்கு ஒரு சென்னைப் புறநகர்க் குடும்பம். கணவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். மனைவி சிறுசேரி சிப்காட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீட். மகள் மூன்றாம் வகுப்பு. பெயர் எதற்கு? அந்த இடத்தில் உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளலாம்.

படி 1: வீடு பிடித்தல்

இருவருக்கும் பாதகமில்லாத இடமாகப் பார்க்க வேண்டும். வரைபடத்தை விரித்தால் விடை உடனே கிடைக்கும்: வண்டலூர். அங்கிருந்து வாலாஜாபாத் சாலையைப் பிடித்தால் ஒரகடம், எதிர்த்திசையில் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் ஓ.எம்.ஆர். அவரும் தினமும் நெரிசலில் நிற்பார், இவரும் நிற்பார். இல்லறத்தில் சமத்துவம் என்பது இங்கே தொடங்குகிறது. பல வீடுகளில் இங்கேயே முடிந்தும் விடுகிறது.

கூடுதல் வசதி, உயிரியல் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தைக்குப் புலி காட்டலாம். ஆனால் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கணவருக்கு இந்த வருட ரோஸ்டரில் வார ஓய்வு எந்தக் கிழமை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

படி 2: அட்டவணையை ஃபிரிட்ஜில் ஒட்டுதல்

அவருக்கு மூன்று ஷிப்ட். காலை 6 முதல் 2 வரை ஏ ஷிப்ட், 2 முதல் இரவு 10 வரை பி ஷிப்ட், 10 முதல் காலை 6 வரை சி ஷிப்ட். வாரத்துக்கு ஒன்றாகச் சுற்றும். மனைவிக்கு ஒரே ஷிப்ட்தான், ஆனால் அது முடிவதில்லை. பகல் முழுக்க இங்கே வேலை. சாயங்காலம் 6.30 ஆனால் நியூயார்க்கில் காலை 9 மணி. கிளையன்ட் காபிக் கோப்பையோடு வந்து உட்காருவார். 8.30 வரை கால்.

இந்த இரண்டையும் ஒரே தாளில் வரைந்து, பொதுவான வெள்ளை இடத்தைத் தேடுவதுதான் திட்டமிடல்.

ஏ ஷிப்ட் வாரம்: அவர் 4 மணிக்கு எழுந்து, 4.45க்குத் தெருமுனையில் கம்பெனி பஸ் பிடிப்பார். இரவு 9 மணிக்குப் படுத்தால்தான் கட்டுபடியாகும். மனைவியின் கால் 8.30க்கு முடிகிறது. ஆக, தினமும் முழுதாக அரை மணி நேரம் தாம்பத்தியம். வேன் பீஸ், கரண்ட் பில், மாமா வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு எவ்வளவு மொய் என்ற மூன்று தலைப்புகளுக்கு இது தாராளம்.

பி ஷிப்ட் வாரம்: அவர் வீடு திரும்ப இரவு 11.15. மகள் தூங்கியிருப்பாள். காலையில் அவள் வேன் ஏறும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த வாரம் முழுக்க அப்பாவும் மகளும் ஒருவர் தூங்குவதை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம்.

சி ஷிப்ட் வாரம்: அவர் 7.15க்கு வீட்டு வாசலுக்கு வருவார். பள்ளி வேன் 7.20. இந்த ஐந்து நிமிடம்தான் மாதத்தின் பொற்காலம். பையை வாங்கி வேனில் வைக்கலாம், டயரியில் கையெழுத்துப் போடலாம், முத்தம் கொடுக்கலாம். வேன் அண்ணன் ஹாரன் அடிப்பதற்குள் இவற்றில் ஏதாவது இரண்டு முடியும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அங்கே 9 மணி என்றால் அதன்பிறகு இங்கே 7.30. கால் 9.30 வரை நீளும். ஏ ஷிப்ட் வாரத்தில் இருந்த அந்த அரை மணி நேரமும் போயிற்று. வாஷிங்டனில் முள்ளைத் திருப்பினால் வண்டலூரில் தோசை ஆறிப்போகும். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று மறுபடி முன்னுக்குத் தள்ளுவார்கள். அதுவரை முக்கியமான சண்டைகளை ஒத்திப்போடவும்.

படி 3: டி ஷிப்டை ஒருவர் தலையில் கட்டுதல்

தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட்தான். வீட்டில் நான்காவதாக ஒன்று உண்டு. அதற்கு இந்தக் கையேடு வைத்திருக்கும் பெயர் டி ஷிப்ட். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட் 1989இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி, 'தி செகண்ட் ஷிப்ட்' என்று பெயர் வைத்தார். ஒரகடத்தில் செகண்ட் ஷிப்ட் என்றால் மதியம் 2 மணி பஸ் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதால் இந்த மாற்றம்.

டி ஷிப்டின் பணி நிபந்தனைகள் எளிமையானவை. 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது, மிகுதிக்கு இரட்டிப்புச் சம்பளம் என்றது, வாரம் ஒருநாள் ஓய்வு என்றது. டி ஷிப்டுக்கு இவை எதுவும் பொருந்தாது. பஞ்ச் இல்லை, ஓ.டி. இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதால் வேலை இரட்டிப்பாகும், சம்பளம் ஆகாது.

மத்தியப் புள்ளியியல் துறை 2024இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 88 நிமிடம். முந்தைய 2019 கணக்கில் இது 299, 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. மகிழ்ச்சி. அதே ஐந்து வருடத்தில் ஆண்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார்கள். பெண்கள் மட்டும் முன்னேறினால் எப்படி?

இதில் இன்னொரு நுட்பம். இந்தச் சராசரி, அன்றைக்கு வீட்டுவேலையில் கைவைத்தவர்களுக்கு மட்டுமானது. 2019இல் அப்படிக் கைவைத்தவர்கள் நூறு பெண்களில் 81 பேர், நூறு ஆண்களில் 26 பேர். மீதி 74 ஆண்களும் சராசரிக்குள்ளேயே வரவில்லை. அவர்கள் 'அப்புறம் செய்யறேன்' என்ற நிலையில் இருந்தார்கள்.

கணவர்களுக்கான செய்முறை: வீட்டுவேலையை ஒருபோதும் செய்யாதீர்கள். 'உதவி' செய்யுங்கள். உதவி என்றால் வேலை அவருடையது, பெருந்தன்மை உங்களுடையது. உதவும்போது மூன்று கேள்விகள் கட்டாயம்: "எந்த டப்பா?", "எத்தனை விசில்?", "இவ்வளவு போதுமா?" மூன்றையும் மனைவி காலில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்க வேண்டும். அவர் மியூட் போட்டுவிட்டு மூன்று விரலைக் காட்டுவார். அது விசிலுக்கா, கோபத்துக்கா என்று ஆராய வேண்டாம். கடைசியில் குக்கரைக் கழுவி வைத்துவிட்டு மிக்ஸி ஜாரை ஊற வைத்துவிடுங்கள். மிக்ஸி ஜார் ஊறுவதற்குக் கால வரம்பு எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஆனால் டி ஷிப்டின் பெரும்பகுதி கையில் இல்லை, தலையில் இருக்கிறது. கேஸ் எப்போது புக் செய்தோம், புதன்கிழமை வெள்ளை யூனிபார்ம் துவைத்தாயிற்றா, மாவு நாளைக்கு வருமா, வேன் பீஸ் ஐந்தாம் தேதிக்குள், தடுப்பூசி அடுத்த மாதம், மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்குமே... கிளையன்ட் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னணியில் இந்தப் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் பங்கெடுக்காமல் தப்பிக்க ஒரே ஒரு வாக்கியம் போதும்: "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே!" இதைவிடச் சிக்கனமான வாக்கியம் குடும்ப இலக்கியத்தில் கிடையாது. மறந்தது நீங்கள், குற்றம் சொல்லாதவர் மேல்.

படி 4: பாட்டிகளைச் சுழற்சியில் விடுதல்

இரு சம்பளக் குடும்பத்தின் அஸ்திவாரம் மூன்றாவது ஆள், சம்பளமில்லாத ஆள். மூன்று மாதம் உங்கம்மா, மூன்று மாதம் எங்கம்மா. தென்மாவட்டத்திலிருந்து வருகிறவர் என்றால் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் ஒரு வரப்பிரசாதம். விடிகாலையில் இறங்கினால், சாம்பார்ப்பொடி, முறுக்கு, மூட்டுவலித் தைலத்தோடு ஆறு மணிக்கே அடுப்படியில் இருப்பார். பயணக் களைப்புக்கு ஓய்வு உண்டா என்று கேட்காதீர்கள். அவருக்கு வார ஓய்வும் கிடையாது, ஷிப்ட் மாற்றமும் கிடையாது.

மருமகள் "அத்தை, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று தினமும் ஒருமுறை சொல்ல வேண்டும். அத்தை "பரவால்லம்மா, நீ போய் மீட்டிங்கைப் பாரு" என்று சொல்வார். இருவருக்கும் இது ஒரு சடங்கு என்று தெரியும். மகன் மட்டும் அம்மாவுக்குப் பொழுதுபோகிறது என்று உண்மையாகவே நம்புவார்.

இந்தப் படியில் விட்டுப்போகும் ஓர் ஆள், தாத்தா. தென்னைமரமும் வீடும் ஊரில் இருப்பதால் அவர் அங்கேயே இருந்துவிடுவார். காலையில் மெஸ் இட்லி, ராத்திரி பக்கத்து வீட்டுக் குழம்பு. நாற்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த தம்பதி, எழுபது வயதில் வீடியோ காலில் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு ஜோடி வேலைக்குப் போக இன்னொரு ஜோடியைப் பிரித்திருக்கிறோம். குடும்ப நேரம் பற்றிய எந்த அட்டவணையிலும் இந்தக் கணக்கு ஏறுவதில்லை. நம் ஃபிரிட்ஜ் அட்டவணையிலும் இடமில்லை.

படி 5: வேலைக்கு அக்கா வைத்தல்

பாட்டி இல்லாத மாதங்களுக்கு அக்கா. பாத்திரம், பெருக்கல், துடைத்தல். காலை 6.30க்கு வந்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் பையனைப் பள்ளிக்குக் கிளப்புவது யார் என்று நாம் கேட்பதில்லை. அவரும் இரு சம்பளக் குடும்பம்தான், வீட்டுக்காரர் பெயிண்டர். அந்த வீட்டின் டி ஷிப்டைப் பன்னிரண்டு வயது மூத்த மகள் பார்த்துக்கொள்கிறாள். நேரம் எங்கேயும் உற்பத்தி ஆவதில்லை. மேல்வீடு கீழ்வீட்டில் கடன் வாங்குகிறது, கீழ்வீடு தன் பிள்ளையிடம் வாங்குகிறது. ஒரே ஆறுதல், அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் அந்தப் பையனுக்கு, 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் பள்ளியிலேயே சூடாக உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது. டீம் லீடின் மகள் வேனில் உட்கார்ந்து ரொட்டித் துண்டை மென்றுகொண்டு போகிறாள்.

படி 6: பள்ளிக்கூடத்தைச் சமாளித்தல்

ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் தாய் ஒருத்தி உண்டு என்ற உறுதியான நம்பிக்கையில் பள்ளிகள் நடக்கின்றன. பெற்றோர் சந்திப்பு புதன்கிழமை காலை 10 மணிக்கு. இரவு 8.40க்கு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: 'நாளை மாறுவேடப் போட்டி. உங்கள் குழந்தைக்குக் கட்டபொம்மன்.' குழுவின் பெயர் 'மூன்றாம் வகுப்பு பி மம்மீஸ்'. அப்பாக்கள் அதில் இல்லை. இது மிக நல்ல ஏற்பாடு. அப்பாவைச் சேர்த்தால் அவருக்கும் தெரிந்துவிடும், பிறகு படி 3இல் சொன்ன வாக்கியத்தைப் பயன்படுத்த முடியாது.

படி 7: காய்ச்சல்

குழந்தைக்கு 101 டிகிரி. யார் லீவு போடுவது? இருவரும் உட்கார்ந்து நியாயமாகப் பேச வேண்டும். "எனக்கு இன்னைக்கு ஆடிட்" என்பார் அவர். "எனக்கு ரிலீஸ்" என்பார் இவர். பிறகு இவர் லீவு போடுவார். சம்பளம் குறைவாக இருந்தால் அதுதான் காரணம். சம்பளம் கூடுதலாக இருந்தால் 'உனக்குத்தான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமே' என்பது காரணம். காரணங்கள் மாறலாம், முடிவு மாறாது.

இதற்குச் சட்டத்தின் ஆசியும் உண்டு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது, நாளொன்றுக்கு நான்கு முறை தாய் போய்ப் பார்த்துவரலாம் என்றது. தகப்பனும் போய்ப் பார்க்க ஆசைப்படுவான் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. மத்திய அரசு ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள். தனியார் தொழிற்சாலையில் அதுவும் சட்டப்படி கட்டாயமில்லை. மத்திய அரசில் பிள்ளை வளர்ப்பு விடுப்பு மொத்தம் 730 நாள், பெண்களுக்கும் துணையில்லாத ஆண்களுக்கும். மனைவி இருக்கும் ஆணுக்குக் கிடையாது. மனைவி இருக்கும்போது ஆண் எதற்குப் பிள்ளை வளர்க்க வேண்டும்?

படி 8: தரமான நேரம்

அளவு குறைந்தால் தரத்தைக் கூட்டலாம் என்பது நிபுணர்கள் வாக்கு. சி ஷிப்டிலிருந்து மாறும் இடைவெளியில், மாதத்தில் ஒரு ஞாயிறு இருவருக்கும் வாய்க்கும். காலை பத்துவரை அவர் தூங்கட்டும், நைட் ஷிப்ட் முடித்த உடம்பு. பத்திலிருந்து பன்னிரண்டுவரை வாராந்திரத் துணி. பிறகு மூவரும் மாலுக்குப் போய், பார்க்கிங் தேடி, உணவுக் கூடத்தில் மேஜைக்காகக் காத்து நின்று, ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு வர வேண்டும். ஒரு செல்பி கட்டாயம். அலுவலகப் பாணியில் கணவருக்குக் காலண்டர் அழைப்பு அனுப்பும் மனைவிகளும் இருக்கிறார்கள்: 'குடும்பப் பேச்சு, 15 நிமிடம்.' அவர் 'வரலாம், வராமலும் போகலாம்' என்று பதில் போட்டால் கோபிக்கக் கூடாது. அந்த வாரம் சி ஷிப்ட்.

படி 9: பெரியவர்கள் சொல் கேட்டல்

2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பது அவர் கேள்வி. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், அதிலும் பத்து மணிக்கு மேல்தான் பார்க்கிறோம் ஐயா என்று வண்டலூரிலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை. ஏ ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

நாம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அலுவலகத்தில் 48 மணி நேரம். 289 நிமிடத்தை ஏழால் பெருக்கினால் வாரத்துக்கு ஏறக்குறைய 34. மொத்தம் 82. வேலைக்குப் போகிற பெண் சராசரியைவிடக் குறைவாகவே வீட்டுவேலை செய்வார் என்று பத்து மணி நேரத்தைத் தள்ளுபடி செய்தாலும் மூர்த்தியின் இலக்கைத் தாண்டிவிட்டார். கேளம்பாக்கம் சாலை நெரிசலையும் சேர்த்தால் சுப்ரமணியனையும் நெருங்கிவிடுவார். தேசம் கேட்ட உழைப்பு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கிறது. யாரிடமிருந்து என்றுதான் தேசம் பார்க்கவில்லை.

2023 ஏப்ரல் 21இல் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்திலும் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்க, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். நம் ஃபிரிட்ஜ் அட்டவணையை மறுபடி வரைய வேண்டிய சிரமம் மிச்சம்.

கடைசிப் படி: விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்

மேற்கண்ட படிகள் எல்லாம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தால், இந்தக் கையேடு உங்களுக்குத் தேவையில்லை. அலுத்துப்போயிருந்தால் மட்டும் இதைப் படியுங்கள்.

ஒரே ஆளை நிரந்தரமாக நைட் ஷிப்டில் போட்டால் உடம்பு தாங்காது, தகராறு வரும் என்று ஒரகடத்தில் எல்லா சூப்பர்வைசருக்கும் தெரியும். அதனால்தான் ஏ, பி, சி மூன்றும் சுற்றுகின்றன. அப்படி ரோஸ்டர் போடத் தெரிந்த அதே மனிதரின் வீட்டில் டி ஷிப்ட் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே பெயரில் நிற்கிறது. இது நேரப் பற்றாக்குறை இல்லை. ரோஸ்டர் கோளாறு.

ஆகவே, ஏ ஷிப்ட் வாரத்தில் மூன்றரை மணிக்கு வீட்டில் இருக்கிறவர் டி ஷிப்டை முழுதாக எடுத்துக்கொள்ளட்டும். உதவியாக இல்லை, பொறுப்பாக. மாவு, யூனிபார்ம், கேஸ், கட்டபொம்மன் மீசை எல்லாம் அவர் ஞாபகத்தில். எந்த டப்பா என்று கேட்கக் கூடாது, திறந்து பார்க்க வேண்டும். மனைவிக்கும் ஒரு நிபந்தனை: சட்னி கெட்டியாக இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. பள்ளியில் முதல் தொடர்பு எண்ணாக அப்பாவின் எண்ணைக் கொடுங்கள். ஷிப்ட் மாற்றத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் ஒரு மாதம் முன்னால் சொல்லும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். நவம்பரில் அந்த அழைப்பை ஒரு மணி நேரம் முன்னதாக வைக்கும்படி கிளையன்டிடமும் கேட்டுப் பாருங்கள். கேட்டவர்களில் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. கேட்காதவர்கள் யாருக்கும் கிடைத்ததில்லை.

இதனால் நாளுக்கு 25 மணி நேரம் ஆகிவிடாது. இருக்கிற அரை மணி நேரத்தில் வேன் பீஸ் தவிர வேறு எதையாவது பேச இரண்டு பேருக்கும் தெம்பு மிஞ்சும். ரோஸ்டரில் அடுத்த வாரத்துக்கு உங்கள் பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. யாரும் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.